முகாமில் இருப்பவருக்கும் வடநாட்டுத் தொழிலாளிக்கும் ஓட்டு உண்டா? காரைக்குடியிலிருந்து ஒரு பதில்

"முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர், நம்ம ஊரில் வேலை பார்க்கும் வடமாநிலத்தவர், வெளிநாட்டில் இருக்கும் நம்ம ஆட்கள், இவர்களில் யாருக்கு ஓட்டு உண்டு? யாருக்கு இருக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை. காரைக்குடியில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். படிவம் எழுதிக் கொடுப்பதில்தான் பாதிப் பிழைப்பு ஓடுகிறது. நீங்கள் கேட்ட மூன்று வகை ஆட்களும் கடைக்கு வந்து போகிறவர்கள்தான்.

சட்டம் இரண்டு விஷயம் கேட்கிறது. ஒன்று, இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அரசியல் சட்டம் 326-வது பிரிவு, 1950-ம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 16-வது பிரிவு இரண்டிலும் இது இருக்கிறது. இன்னொன்று, எந்தத் தொகுதியில் பெயர் சேர்க்கிறோமோ அங்கே வழக்கமாகக் குடியிருக்க வேண்டும். அகதி முதல் நிபந்தனையிலேயே நின்றுபோகிறார். ஊர்விட்டு ஊர் பிழைக்கப் போனவர் இரண்டாவதில் மாட்டிக்கொள்கிறார்.

முகாம்காரர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே குழப்பமே அதில்தான். எங்கள் பக்கம் "சிலோன்காரங்க" என்று எல்லாரையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுவார்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, இலங்கைத் தோட்டங்களில் வேலைக்குப் போன மலையகத் தமிழர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவானது. அப்படி இந்திய பாஸ்போர்ட்டோடு கப்பலேறி வந்தவர்கள் தாயகம் திரும்பியோர். அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஓட்டு உண்டு, எந்தச் சந்தேகமும் வேண்டாம். 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் படகில் வந்து இறங்கியவர்கள் கதை வேறு. இந்தியா 1951-ம் வருட அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. அதனால் 'அகதி' என்ற தகுதிக்கே இங்கே தனிச் சட்டம் கிடையாது, சட்டத்தின் முன்னால் அவர்கள் வெளிநாட்டவர். 2021-ல் தமிழக அரசு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் என்று உதவித்தொகையையும் உயர்த்தியது. நல்ல காரியம். ஆனால் ஓட்டு மாநில அரசு தரக்கூடிய விஷயம் இல்லை.

போன வருஷம் கல்லூரியில் படிக்கிற ஒரு பொண்ணு கடைக்கு வந்தது. "அங்கிள், எங்க மிஸ் எல்லாரையும் ஃபாரம் 6 போடச் சொல்லிட்டாங்க, இதுல குடியுரிமைன்னு வர்ற எடத்துல என்ன எழுதறது?" என்று கேட்டது. ஃபாரம் 6 என்பது வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம். பொண்ணுடைய அம்மா முகாம், சின்ன வயதில் படகில் வந்தவர். அப்பா தேவகோட்டைக்காரர். இது பிறந்தது 2006-ல், தேவகோட்டை அரசு ஆஸ்பத்திரியில். ஆதார் இருக்கிறது, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் இருக்கிறது, பேச்சும் அச்சு அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. படிவத்தின் அடியில் "நான் இந்தியக் குடிமகன்" என்று உறுதிமொழி இருக்கும். பொய் என்று தெரிந்தே அதில் கையெழுத்துப் போட்டால் அதே 1950 சட்டத்தின் 31-வது பிரிவில் ஓராண்டு வரை ஜெயில். "இங்க பாரு ஆத்தா, இப்ப கையெழுத்துப் போடாதே, உங்க மிஸ்கிட்ட நான் பேசுறேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

அப்பா இந்தியர்தானே, அப்புறம் என்ன என்று கேட்பீர்கள். குடியுரிமைச் சட்டத்தில் பிறந்த தேதிதான் எல்லாம். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பிறகு பிறந்திருந்தால் அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு அதுவும் போதாது. ஒருவர் இந்தியர் என்றால் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்த அந்த அம்மா சட்டப்படி அந்தப் பட்டியலில் வருகிறார். இதே பொண்ணு மூன்று வருஷம் முன்னால் பிறந்திருந்தால் அப்பா ஒருத்தரை வைத்தே இந்தியப் பிரஜை ஆகியிருக்கும். 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, பாஸ்போர்ட் விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து அது விலக்குகிறது. அவ்வளவுதான், குடியுரிமை தரவில்லை. 2019-ம் வருடக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுதான், இலங்கை இல்லை.

ஓட்டுப் பறிபோன கதை எங்கள் சீமைக்குப் புதிது கிடையாது. மலையகத் தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் பிறந்தது இந்தச் சிவகங்கைச் சீமையில்தான். இலங்கையில் 1947 தேர்தலில் அவருடைய இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஆறேழு இடங்களில் ஜெயித்தது. அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம், அதற்கடுத்த வருஷம் தேர்தல் திருத்தச் சட்டம். மலையகத்தில் லட்சக்கணக்கான பேருடைய ஓட்டு ஒட்டுமொத்தமாகப் போனது. தோட்டத் தொழிலாளி ஓட்டால் ஜெயித்தவர்களைச் சமாளிக்க, அந்த ஓட்டையே இல்லாமல் செய்தார்கள். தொண்டமான் மறுபடியும் தேர்தலில் நின்று ஜெயித்து உள்ளே போனது 1977-ல். பர்மாவிலும் நம் ஆட்கள்தான். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகப் போனவர், அடுத்தாளாக, அதாவது முதலாளிக்கு உதவியாளாக இருந்தவர், முதலாளி எல்லாருமே. 1930-களின் கடைசியில் கீழ்ப் பர்மா நெல் வயல்களில் ஏறக்குறைய கால்வாசி செட்டிமார் கைக்கு வந்திருந்தது. அவ்வளவு நிலம் கையில் இருந்தும் அந்த நாட்டு ஜனங்களிடம் வேர் பிடிக்கவில்லை. 1964-ல் கடைகளை அரசுடைமை ஆக்கியபோது அங்கே மிச்சம் இருந்தவர்களுக்காகப் பேச ஆள் இல்லை. காரைக்குடியில் பர்மா காலனி இருப்பது அந்தக் கணக்கில்தான்.

இப்போது நீங்கள் கேட்ட 'இருக்க வேண்டுமா'வுக்கு வருகிறேன். என் கருத்து: சட்டமன்றமும் பாராளுமன்றமும் குடிமக்களுக்கே இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. பஞ்சாயத்து ஓட்டாவது முகாமில் இருப்பவர்களுக்குத் தர வேண்டும். 326-வது பிரிவு பேசுவது மக்களவை, சட்டமன்றத் தேர்தலைப் பற்றி மட்டும்தான். உள்ளாட்சிக்கு யார் வாக்காளர் என்பது மாநிலச் சட்டத்தில் வருகிறது. தமிழ்நாட்டில் சட்டமன்றப் பட்டியலையே எடுத்து உள்ளாட்சிக்கும் வைத்துக்கொள்கிறோம், அதனால் அவர்கள் பெயர் வருவதில்லை. முகாமுக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு விடுவது, சாக்கடையை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது, தெருவிளக்கு எரியுமா என்பதெல்லாம் பஞ்சாயத்துத் தலைவர் கையில். ஆகஸ்ட் 15 கிராமசபையில் முகாம்காரர் வந்து ஓரமாக நிற்கலாம், மனு கொடுக்கலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராமசபை உறுப்பினர் என்று அரசியல் சட்டமே சொல்லிவிட்டது. ஸ்வீடனில் 1976-லிருந்து மூன்று வருஷம் குடியிருந்த வெளிநாட்டவர் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். அந்த நாடு ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

"முகாம்ல இருநூறு ஓட்டு மொத்தமா ஒருத்தருக்கு விழுந்தா பஞ்சாயத்தே மாறிடும்" என்று கடையில் ஒருத்தர் சண்டைக்கு வந்தார். மாறட்டுமே! ஒரு தெரு முழுக்க ஒரே ஆளுக்குப் போடுவது நம்ம ஊரில் நடக்காததா?

இன்னொன்று பாருங்கள். செட்டிநாட்டில் தெருத் தெருவாகப் பூட்டிக் கிடக்கிற வீடுகள். சொந்தக்காரர் சென்னையில், பிள்ளைகள் அமெரிக்காவில், கல்யாணத்துக்கும் முன்னோருக்குக் கும்பிடும் படைப்புக்கும்தான் முகப்புக் கதவு திறக்கும். வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவர் அந்தத் தொகுதியில் குடியிருப்பதாகக் கொள்ளக்கூடாது என்று 1950 சட்டத்தின் 20-வது பிரிவு பச்சையாகவே சொல்கிறது. ஆனால் பெயர் பட்டியலில் நீடிக்கிறது. நகரத்தார் கோயில் கணக்கில் கல்யாணமான ஆண் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரு புள்ளி, புள்ளிவரி கட்டினால் உரிமை உண்டு. அந்தப் பழக்கத்தில் ஓட்டையும் அப்படியே நினைத்துக்கொள்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். முப்பது நாற்பது வருஷம் இங்கேயே குடியிருக்கிற முகாம்காரருக்கு ஓர் ஓட்டுச் சீட்டும் இல்லை.

வடமாநிலத் தொழிலாளிகள் விஷயம் சட்டத்தில் சுலபம், நடைமுறையில்தான் சிக்கல். புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற பீகார்க்காரர் இந்தியர். இங்கே வழக்கமாகக் குடியிருந்தால் இங்கே பெயர் சேர்க்கலாம், அங்கே உள்ள பெயரை எடுத்துவிட வேண்டும். இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான் விதி. அவர்களால் தமிழ்நாட்டு அரசியலே மாறிவிடும் என்று பயப்படுகிறவர்கள், என்னிடம் வருகிறவர்களிடம் பேசிப் பார்க்கலாம். ரேஷனுக்கும் பேங்குக்கும்தான் கேட்டு வருகிறார்களே தவிர, இங்கே ஓட்டு வேண்டும் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. ஊரில் உள்ள ஓட்டை விட மனசு வருவதில்லை, டிக்கெட் எடுத்துப் போய்ப் போடக் காசும் இல்லை. 72 தொகுதிகளைக் கையாளும் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட முயன்றது. கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை, கிடப்பில் போனது.

நம் ஆட்களும் இதே சிக்கலில்தான். 2025 நவம்பர் 4-ல் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கும் பிள்ளைகள் போனில் கத்தினார்கள். வீடு வீடாக வரும் வாக்குச்சாவடி அலுவலர் (பி.எல்.ஓ.) வந்த நேரம் வீடு பூட்டியிருந்தால் 'இடம்பெயர்ந்தவர்'. வேலைக்காகத் தற்காலிகமாக வெளியே போவதால் மட்டும் குடியிருப்பு போய்விடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்த மனுக்களை ஏற்றுக்கொண்டார்கள்.

வெளிநாடு: துபாய், சிங்கப்பூர், மலேசியாவில் நமக்கு ஓட்டு இல்லை. இந்திய பாஸ்போர்ட்டை விடாதவர் ஃபாரம் 6ஏ போட்டு இங்கே பெயர் சேர்க்கலாம். ஆனால் தேர்தல் அன்று பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் போட வேண்டும். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) வைத்திருப்பவருக்கு இங்கே ஓட்டு கிடையாது, பழைய வாக்காளர் அட்டை பீரோவில் இருந்தாலும் சரி. பிரிட்டன் மட்டும் வேடிக்கை. காமன்வெல்த் நாட்டவர் விசாவோடு அங்கே குடியிருந்தாலே பாராளுமன்றத் தேர்தலில் போடலாம். தேவகோட்டைப் பையன் ஒருவன் அங்கே படிக்கப் போய் 2024 ஜூலையில் போட்டுவிட்டு போட்டோ அனுப்பினான். இலங்கையும் காமன்வெல்த் நாடுதான். லண்டனுக்குப் போன யாழ்ப்பாணத்துக்காரருக்குச் சீக்கிரமே கிடைப்பது, ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் முகாமில் இறங்கியவருக்கு நாற்பது வருஷம் ஆகியும் இல்லை.

முகாமிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் என்றால் பிறப்புச் சான்றிதழை உடனே தேடி எடுங்கள். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் 2022-ல் உயர் நீதிமன்ற உத்தரவு வாங்கி, பாஸ்போர்ட் எடுத்து, 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில் ஓட்டுப் போட்டார். தாத்தா பாட்டி மலையகத்தவர் என்றால், இந்தியக் குடியுரிமை கேட்டு அந்தக் காலத்தில் கொடுத்த மனு, பழைய இந்திய பாஸ்போர்ட், தோட்டத்துப் பதிவு, எது கிடைத்தாலும் தூக்கிப் போடாதீர்கள். அப்படிப்பட்டவர்களின் மனுவைப் பரிசீலிக்க 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், பழைய தாள் அதில் பாழாகிறது. அசலை அப்படியே ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு, காப்பியைக் கொண்டு வாருங்கள்.