ஜெர்மனியின் புரோக்கன் மலையில் பழைய கிழக்கு-மேற்கு ஜெர்மனி எல்லைப் பாதை வழியாக ஏறலாமா, கஷ்டமா?

தாராளமாக ஏறலாம். உயரம் 1,141 மீட்டர்தான், ஓரளவு நடந்து பழகியவருக்குப் பிரச்சினை இல்லை. கூட்டமெல்லாம் டார்ஃப்ஹவுஸ் என்ற ஊரிலிருந்து போகும் கோதே பாதையில்தான். எல்லையைப் பார்க்க ஆசையென்றால் வடக்கே எக்கர் அணைப் பக்கமிருந்து கிளம்புங்கள், இரு ஜெர்மனிகளின் எல்லைக்கோடு அந்த அணைச் சுவரின் குறுக்கேதான் போனது, அப்புறம் மேலே ஹிர்டன்ஸ்டீக் பாதையில் காவல் வண்டிகளுக்காகப் பதித்த ஓட்டை ஓட்டையான கான்கிரீட் பலகைகள், ஏற்றமும் செங்குத்து, குதிகால் ஓட்டையில் மாட்டினால் கணுக்கால் பிசகிவிடும். உச்சி எல்லையோர ராணுவத் தடைப் பகுதி, சோவியத் ஒட்டுக்கேட்பு நிலையமும் அங்கே இருந்தது, அதனால் 1961 முதல் 1989 டிசம்பர் 3 வரை பொதுமக்களை விடவே இல்லை. வருடத்தில் பெரும்பாலான நாள் மூடுபனி, கோடையிலும் ஜாக்கெட் வேண்டும். முட்டி வலித்தால் நீராவி ரயிலில் இறங்கலாம், ஆனால் அது கிழக்கே வெர்னிகரோடு என்ற ஊர்ப் பக்கம் கொண்டுபோய் விடும், காரை மேற்கே நிறுத்தியிருந்தால் திண்டாட்டம்தான்.