ஒரே தொடை எலும்புல ரெண்டு முறிவு, ஒரு கம்பி போதாதா?

ஓசூர் ரோட்ல பைக் ஆக்சிடென்ட், தம்பிக்கு தொடை எலும்பு நடுவுலயும் இடுப்பு கிட்ட அதே எலும்போட கழுத்துலயும் (மேல் முனைல இருக்கற பந்துக்குக் கீழ ஒடுங்கற பகுதி) முறிவு, டாக்டர் ரெண்டு இம்ப்ளான்ட் (எலும்பைப் பிடிக்க உள்ள வைக்கற கம்பி, ஸ்க்ரூ மாதிரி) வைக்கணும்ங்கிறார், ஒண்ணு போதாதான்னு கேட்டிருக்கீங்க.

முதல்ல, கழுத்து முறிவை இப்பவே கண்டுபிடிச்சது பெரிய விஷயம்ங்க. நடு எலும்பு முறிஞ்சு கால் கோணிக் கிடக்கறப்ப எல்லார் கண்ணும் அங்கதான் போகும், கழுத்துல இருக்கறது பல நேரம் விலகாத மெல்லிய கோடு, சாதா எக்ஸ்ரேல தப்பிச்சிரும், அதான் இடுப்புக்கு சிடி ஸ்கேன் எடுக்கறாங்க. இங்க பெங்களூர்லயே என் சித்தி பையனுக்கு நடுவுல கம்பி போட்டு ரெண்டு வாரம் கழிச்சுதான் கழுத்து முறிவு தெரிஞ்சது, மறுபடி ஆபரேஷன், வீடே ஆடிப்போச்சு.

இதுல கழுத்துக்குத்தான் முதல் கவனம். இடுப்புப் பந்துக்கான ரத்தக்குழாய் அதை ஒட்டித்தான் போகுது, அது கெட்டா பந்து செத்துப்போய் சின்ன வயசுலயே இடுப்பு மாத்த வேண்டி வரலாம். அதனால நிறைய சர்ஜன்கள் கழுத்தை ஸ்க்ரூ இல்லன்னா டிஎச்எஸ் (தகடோட சேர்ந்த பெரிய இடுப்பு ஸ்க்ரூ) வச்சு நிறுத்திட்டு, முட்டி வழியா இன்னொரு கம்பி ஏத்தி நடுவைப் பிடிப்பாங்க, பெரும்பாலும் ஒரே மயக்கத்துலயே முடிஞ்சிரும். ஒரே நீளக் கம்பில ரெண்டையும் பிடிக்கற முறையும் இருக்கு, ஆனா கம்பி ஏத்தறப்ப கழுத்து விலகிட்டா சிக்கல், என் மனசுக்கு உங்க டாக்டர் சொல்றதுதான் சரின்னு படுது.

தம்பி சிகரெட் பிடிப்பாருன்னா இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க, எலும்பு கூடறதை அது கெடுக்கும். எப்ப கால் ஊணலாம்னு சர்ஜன் சொன்னப்புறம் ஊணட்டும்.