கழுத்துக்கோடு தாடை வரை ஏறிவிடுகிறதே!

தாடி வெட்ட டிரிம்மர் பிடித்தாலே கழுத்துக்கோடு, அதாவது கழுத்தில் தாடி முடியும் எல்லை, தாடை எலும்பு வரை ஏறிவிடுகிறது, இடப்பக்கம் வேறு கோணிக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கை கல்யாணத்துக்கு முதல் நாள் நானும் இதையே செய்தேன். ஆல்பம் முழுக்க இரட்டைத் தாடையோடு நிற்கிறேன்.

அண்ணாந்து பார்த்தபடி வெட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது தோல் இழுபட்டிருக்கும். தலை நேரானதும் கோடு வேறெங்கோ போய் நிற்கும். கண்ணாடியை நேராகப் பாருங்கள். குரல்வளை மேட்டுக்குச் சற்று மேலே இரண்டு விரல்களைப் படுக்கவையுங்கள். மேல்விரலின் விளிம்புதான் கோட்டின் அடிமட்டம். அங்கே நடுவில் ஓர் இழுப்பு. பிறகு வலம் கொஞ்சம், இடம் கொஞ்சமாகக் காதின் பின்புறம் நோக்கி வளைத்துச் செல்லுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் கோணல் நிச்சயம்.

ஈரத்தாடியில் கை வைக்காதீர்கள். நனைந்த முடி நீளமாகத் தெரியும், காய்ந்ததும் சுருங்கும். டிரிம்மரில் மாட்டும் சீப்பு 9 மில்லிமீட்டரில் தொடங்கட்டும், போதாவிட்டால் 6.

இப்போதைய கோணலைச் சரிசெய்கிறேன் என்று வலப்பக்கத்தையும் ஏற்றிவிடாதீர்கள். தாடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். பத்து நாள் டிரிம்மரை அலமாரியில் பூட்டி வையுங்கள்.