மறுமொழி: மணவாளக்குறிச்சி மணலும் நாய் ஆராய்ச்சியும்
தம்பி, கதிரியக்கத் தூசியைச் சுவாசிச்ச நாய்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வந்ததைப் படிச்சிட்டு, கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில மணல் வேலைக்குப் போற அப்பாவுக்கும் வருமான்னு கேட்டிருக்கீங்க. பயம் நியாயம்தான். ஆனா அமெரிக்காவுல பீகிள் நாய்களுக்குக் சுவாசிக்கக் கொடுத்தது புளூட்டோனியம் ஆக்சைடுங்கற கதிரியக்கப் பொருள். கண்ணுக்குத் தெரியாத துகள். லேசுல கரையாது, வருஷக்கணக்கா நுரையீரல்லயே தங்கி, கொஞ்ச தூரமே பாயுற ஆல்பா கதிரால பக்கத்துச் செல்லைச் சிதைக்கும். அளவு கூடக்கூடப் புற்றுநோயும் கூடுச்சு.

நம்ம கடற்கரை மணல்ல உள்ள மோனசைட்டுங்கற கனிமத்துல இருக்கறது தோரியம்ங்கற வேற கதிரியக்கப் பொருள். மஞ்சள் பழுப்பா, விரல்ல நெருடுற அந்த மோனசைட் மணல்துகள் நுரையீரல் ஆழத்துக்குப் போகாது. காய்ஞ்ச மணலைச் சலிக்கும்போது பறக்குற பொடியைத்தான் பாக்கணும். அங்க நின்னா துண்டு கட்டுனா போதாது. என்95 முகக்கவசம் போடச் சொல்லுங்க. பீடி பழக்கம் இருந்தா முதல்ல அதை நிறுத்த வைங்க, எனக்கு அதுதான் பெரிய கவலை. ரெண்டு மூணு வாரம் தாண்டியும் இருமல் நிக்கலைன்னாலோ, சளியில ரத்தம் வந்தாலோ, உடனே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போங்க.