ஐவரியா, ஆஃப் ஒயிட்டா? ஒரு பெயிண்ட் கான்ட்ராக்டரின் கேள்வி பதில்

கே: ஹாலுக்கு ஐவரி, ஆஃப் ஒயிட் இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறோம். ஷேடு கார்டில் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. எதை அடிப்பது?

ப: கார்டில் ஒட்டிப் பிறந்தவை, நாலு சுவரிலும் ஏறினால் பிரிந்துவிடும். ஐவரிக்குள் மஞ்சள் இருக்கிறது. ஆஃப் ஒயிட்டில் கடைக்குக் கடை சாம்பலோ லேசான பச்சையோ ஒளிந்திருக்கும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள், அது வெளியே வந்துவிடும். அப்புறம் சாம்பிள் வாங்கி இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். எமல்ஷன் பெயிண்ட் ஈரத்தில் காட்டுவது வேறு நிறம். அட்டையைக் காலை, மதியம், இரவு என்று சுவர் சுவராக நகர்த்திப் பாருங்கள்.

தரையையும் மறக்காதீர்கள். சிவப்பு ஆக்ஸைடு தரை போட்ட வீட்டில் ஒருமுறை ஐவரி அடித்தேன். மதிய வெயில் தரையில் பட்டு எழும்பியதும், "என்னப்பா, ரோஸ் அடிச்சிருக்கே?" என்றார் வீட்டுக்காரம்மா. கார்டைப் பார்த்து வாளி வாங்கியது என் தப்பு.

கே: ஒன்றுக்கு எல்ஆர்வி 70, மற்றதற்கு 74. பெரிய வித்தியாசமா?

ப: 0 கறுப்பு, 100 வெள்ளை என்று ஒளியைத் திருப்பித் தரும் அளவு அது. 4 புள்ளியெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

கே: போட்டோ அனுப்பியிருக்கிறேன், எது நல்லா இருக்கு?

ப: போன் ஒரு நிறம் காட்டும், சுவர் இன்னொன்று காட்டும். அட்டை.

கே: இரவில் பார்ப்பது எதற்கு? பகல் வெளிச்சம்தானே உண்மையான நிறம்?

ப: வேலைக்குப் போகிறவர்கள் ஹாலில் உட்காருவதே ராத்திரியில்தான் சார்! 6500 கெல்வின் என்று போட்ட வெள்ளை ட்யூப்லைட்டில் ஐவரி களையிழந்து நிற்கும். 3000 கெல்வின் மஞ்சள் பல்பைப் போட்டால் ஆஃப் ஒயிட்டே ஐவரி ஆகிவிடும்.

கே: அப்படியென்றால் பல்பை மாற்றினால் போதுமே, பெயிண்ட் எதற்கு?

ப: பாதி வீடுகளில் அதுவே போதும். என் பிழைப்பில் மண் போட்டுக்கொண்டு சொல்கிறேன்.

கே: சுவரில் ஈரம் கசிகிறது. எந்த ஷேடு மறைக்கும்?

ப: எதுவும் மறைக்காது. பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

கே: கார்டில் ஐவரி நல்லா இருக்கு. வாளி வாங்கிடலாமா?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: பாதிச் சுவரில் வாளி தீர்ந்துவிட்டது.

ப: மூடியில் இருக்கும் ஷேடு நம்பரைக் காட்டி வாங்கினாலும் நூல் பிசகும். மிச்சப் பெயிண்ட் இருந்தால் புதியதோடு கலந்து, அந்தச் சுவர் முழுவதும் மூலையிலிருந்து மூலை வரை இன்னொரு கோட் இழுத்துவிடுங்கள்.