ஊர்கள் சேர்ந்து நடத்தும் உணவு மையம்: கேள்வி பதில்

பக்கத்துப் பக்கத்து ஊர் உழவர்கள் விளைச்சலை ஓரிடத்தில் சேர்த்து, தரம் பிரித்து, அரைத்து விற்கும் மையங்கள் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள்.

அரூர் பக்கத்து உழவர்: நாங்கள் ஐந்து ஊர்க்காரர்கள் சேர்ந்திருக்கிறோம். முதலில் கொட்டகை போடுவதா, இயந்திரம் வாங்குவதா?

இரண்டும் பிறகுதாங்க. யார், எந்த வாரம், என்ன காய், எத்தனை கிலோ தருவார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். சொன்னதில் பாதிதான் வரும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். வாடகை, ஆள் கூலி, கரண்ட் எல்லாம் மாதம் 30,000 ரூபாய், கிலோவுக்கு மையம் எடுப்பது 2 ரூபாய் என்றால், மாதம் 15,000 கிலோ, அதாவது தினம் 500 கிலோ வந்தால்தான் கையைக் கடிக்காது. அந்த அளவு சில மாதம் நிலைக்கும் வரை வாடகை இடமே போதும்.

திண்டுக்கல் வாசகி: கம்பெனியாகப் பதிய எத்தனை பேர் வேண்டும்?

உழவர்களே பங்குதாரர்களாக இருக்கும் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு உழவர்கள் குறைந்தது 10 பேர், இயக்குநர்கள் குறைந்தது 5 பேர். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு உதவித்தொகை தர 2020-இல் வந்த மத்திய அரசுத் திட்டம் சமவெளியில் 300 பேரும் மலைப்பகுதியில் 100 பேரும் கேட்டது. உதவித்தொகைக்காகப் பெயருக்கு ஆள் சேர்க்காதீர்கள். காய் தராத உறுப்பினரும் பொதுக்குழுவில் ஓட்டுப் போடுவார்.

ஒட்டன்சத்திரம் உழவர்: தரம் பிரிக்கும்போது தினமும் தகராறு. என்ன செய்யலாம்?

பெரும்பாலும் உழவர் போன பிறகு பிரிப்பதால்தான் தகராறு வருகிறது. அவர் கண்ணெதிரே பிரித்து, பிறகு எடை போடுங்கள். ரசீதில் முதல் ரகம், இரண்டாம் ரகம், கழிவு என மூன்று வரி இருக்கட்டும். கழித்த காயை அப்போதே அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மையத்திலேயே கிடந்தால் சந்தேகம் வளரும். எது முதல் ரகம் என்பதைப் படத்தோடு பலகையில் ஒட்டுங்கள். முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல்லை வைத்துத் தராசைக் காலையில் எல்லோரும் பார்க்கச் சோதியுங்கள். பெட்டியின் எடையைக் கழித்ததும் ரசீதில் தெரிய வேண்டும். பிரிக்கும் ஆள் இயக்குநரின் உறவினராக இருக்கவே கூடாது.

அதே உழவர்: மண்டியில் ஒரு ரூபாய் கூடினாலும் உறுப்பினர்கள் அங்கே போய்விடுகிறார்களே?

விலையைவிடக் கைக்காசு வரத் தாமதமாவதுதான் அவர்களைத் துரத்துகிறது. எடை போட்ட அன்றே 70 சதவீதம், மீதி ஒரு வாரத்துக்குள் என்று வையுங்கள். தினம் 500 கிலோ, கிலோ 20 ரூபாய், வாங்குபவர் 15 நாளில் பணம் தருகிறார் என்றால், வெளியே நிற்கும் தொகை 1,50,000 ரூபாய். அதில் 70 சதவீதமான 1,05,000 ரூபாயும், ஒரு வாரத்தில் தர வேண்டிய மீதியும் உங்கள் கையில் இருக்க வேண்டும். பங்குத் தொகை முழுவதையும் கட்டடத்தில் போட்ட மையங்கள் இங்கேதான் விழுகின்றன. உறுப்பினரிடம் விளைச்சலில் பாதியை மட்டும் கேளுங்கள். மீதியை அவர் விருப்பப்படி விற்கட்டும்.

தர்மபுரி வாசகர்: குளிர்பதன அறைக்கு வசதியில்லை. மீந்த காயை என்ன செய்வது?

இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த, மின்சாரம் வேண்டாத குளிர்தொட்டி கட்டலாம். நிழலில் செங்கல்லால் இரட்டைச் சுவர், நடுவே 7.5 செ.மீ. இடைவெளி விட்டு ஆற்று மணல். 165 செ.மீ. நீளம், 115 அகலம், 67.5 உயரத்தில் சுமார் 100 கிலோ பிடிக்கும். காலையும் மாலையும் மணலை நனைத்து, மேலே ஈரச் சாக்கு மூடி வையுங்கள். வறண்ட வெயிலில் நன்றாகக் குளிரும், கடலோரப் புழுக்கத்தில் பலன் குறைவு. வெங்காயத்தை இதில் வைத்தால் அழுகிவிடும்.

ஜவ்வாது மலை மகளிர் குழு: சாமை அரிசி சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கிறதே?

உமி நீங்கியதும் தவிட்டிலுள்ள எண்ணெய் காற்றுப் பட்டுக் கெடுகிறது. உமியோடு, ஈரம் 12 சதவீதத்துக்கு மிகாமல் காயவைத்துச் சேமியுங்கள். ஆர்டர் வந்த அளவுக்கு மட்டும் குத்துங்கள். முதலில் சல்லடை, அடுத்து கல்நீக்கி, பிறகு உமி நீக்கி. கல்லோடு போட்டால் உமி நீக்கி சீக்கிரம் தேயும். ஈரம் மிஞ்சினால் உமி கழலாது, அளவுக்கு மேல் காய்ந்தால் நொய்யாகும். அதனால் ஈரமானி வாங்கிய பிறகே இயந்திரத்துக்கு முன்பணம் கொடுங்கள். மும்முனை மின்சாரம் உண்டா என்பதையும் அதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.