தாத்தாவின் பறப்பேட்டில் (விமானியர் தம் பறப்புகளைக் குறிக்கும் பதிவேடு) 34 சிவப்பு வரிகள், ஆனால் ஒரு பணிச்சுற்று 30 தாக்குதல்கள்தானே?

கணக்கில் பிழை இருக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் தாத்தா 1944 வசந்தத்தில் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர் என்கிறீர்கள். அப்போது 30-ஐத் தாண்டியவர்கள் உண்டு.

பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் முதல் பணிச்சுற்று 30 தாக்குதல்கள். ஆனால் அந்த மாதங்களில் பிரான்ஸ் இலக்குகள் மீதான ஒரு தாக்குதலை மூன்றில் ஒரு பங்காகத்தான் எண்ணினார்கள். எளிய இலக்குகளாம்! மே 3 இரவு பிரான்ஸின் மெய்லி-லெ-கானில் இருந்த ஜெர்மன் ராணுவ முகாமைத் தாக்கியபோது 42 லங்காஸ்டர்களை இழந்த பிறகு அந்த விதி கைவிடப்பட்டது.

சரிபார்க்க:

1. 'டி.என்.சி.ஓ.' என்ற வரிகளைத் தனியே வையுங்கள். பணி முடியாமல் திரும்பியவை அவை. சிவப்பு மை இரவுத் தாக்குதல், பச்சை பகல்.

2. மீதியை லண்டன் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஏர் 27' வரிசையிலுள்ள படையணிப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். படிவம் 541-ஐப் பாருங்கள். விமானம்வாரியாகக் குழுவினர் பெயர், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம் இருக்கும். 540 வெறும் நாள் சுருக்கம். அதை மட்டும் பார்த்துவிட்டுப் 'பெயரே இல்லை' என்பவர்கள்தான் அதிகம்.

ஒரு எச்சரிக்கை: நள்ளிரவைத் தாண்டிய பறப்பில் தேதி ஒரு நாள் தள்ளியிருக்கலாம். பெயரிலும் எழுத்துப்பிழை வரும். விமான வரிசை எண்ணை வைத்துத் தேடுங்கள்.